ஆன்லைன் மேப்களில் மவுஸ் சக்கரம்: பெங்களூரு முகவரிகளை வைத்து ஒரு விமர்சனம்

வாடகை வீட்டு விளம்பரப் பக்கத்தைத் திறக்கிறோம். படம், வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி என்று படித்துக்கொண்டே மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கீழே போகிறோம். பாதிப் பக்கத்தில் ஒரு மேப். அம்புக்குறி அதன் மேல் ஏறியதும் பக்கம் நின்றுவிடுகிறது. நாம் உருட்டுவதெல்லாம் மேப்புக்குப் போகிறது. பெங்களூருவின் எச்எஸ்ஆர் லேஅவுட் குடியிருப்பில் ஒரு தெருவைக் காட்டிக்கொண்டிருந்த மேப், கண் இமைப்பதற்குள் தென்னிந்தியா முழுவதையும் காட்டுகிறது. வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பக்கத்துக்கே வந்தோம். பார்க்க முடியாமல் போவதும் அதே இடத்தில்தான்.

இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. மேப் மென்பொருள்கள் சக்கரத்தை எப்படிக் கையாள்கின்றன என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சில நன்றாக யோசித்துச் செய்யப்பட்டவை. சில நல்ல மென்பொருளாக இருந்தும், தளம் கட்டுபவர்கள் இயல்பு அமைப்பை மாற்றாமல் விடுவதால் கெட்டுப்போகின்றன. இரண்டு அளவுகோல்களை வைத்து இவற்றைப் பார்க்கலாம். ஒன்று, பக்கத்துக்குள் பதித்த மேப்பில் சக்கரம் முதலில் பக்கத்துக்குச் சேர வேண்டும். மேப்பே முழுத் திரையாக இருக்கும்போதுதான் அது ஜூமுக்கு. இரண்டு, சக்கரம் எவ்வளவு சுழன்றதோ அவ்வளவுதான் ஜூம் மாற வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் பெங்களூருவில் ஏன் முக்கியம் என்பது இங்கே முகவரி தேடிய எவருக்கும் தெரியும். ‘5வது கிராஸ், 8வது மெயின்’ (கிராஸ் என்றால் குறுக்குத் தெரு, மெயின் என்றால் முதன்மைத் தெரு) என்றால் அது எந்த லேஅவுட்டிலும் இருக்கும். ஜெயநகரில் ஒவ்வொரு பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள், கோரமங்கலாவில் எட்டு பிளாக், எச்எஸ்ஆரில் செக்டார். கிராஸ் எண்ணைப் படிக்க உள்ளே போக வேண்டும்; எந்த பிளாக்கில் இருக்கிறோம் என்று பார்க்க வெளியே வர வேண்டும். ஒரு முகவரிக்கே இப்படி உள்ளேயும் வெளியேயும் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் மேப் ஒரு நிலை கூடுதலாகத் தாவினால் வேலை முடியாது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெப் மேப்கள் பெரும்பாலும் டைல் எனப்படும் 256 பிக்சல் சதுரத் துண்டுகளால் ஆனவை. ஜூம் 0-இல் உலகம் முழுதும் ஒரே டைல். ஒவ்வொரு நிலை உள்ளே போகும்போதும் நீளமும் அகலமும் இரட்டிப்பாகும். அதாவது டைல் எண்ணிக்கை நான்கு மடங்கு. பெங்களூரு இருக்கும் சுமார் 13 டிகிரி அட்சரேகையில், ஜூம் 12-இல் ஒரு பிக்சல் ஏறத்தாழ 37 மீட்டர், 15-இல் 4.7 மீட்டர், 18-இல் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1,000 பிக்சல் அகலமுள்ள மேப்பில் 12 என்றால் கெங்கேரியும் ஒயிட்ஃபீல்டும் ஒரே திரையில் தெரியும். 18 என்றால் 600 மீட்டர்கூட இல்லை. இடையில் இருப்பது ஆறே நிலை. சக்கரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிலை என்று வைத்தால், விரலின் ஒரே இழுப்பில் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரிந்துவிடும்.

கூகுள் மேப்ஸின் முழுத் திரைத் தளத்தில் சக்கரம் நன்றாக வேலை செய்கிறது. அம்புக்குறி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஜூம் ஆகும். முழு எண் நிலைகளில் மட்டும் நிற்காமல் 15.25, 16.4 போன்ற இடைநிலைகளிலும் நிற்கும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைச் சாதாரண மேப் காட்சியில் முகவரிப் பட்டையிலேயே படிக்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பின் ஓர் எண்ணும் இசட் எழுத்தும் இருக்கும். அந்த எண்ணை 17 என்று திருத்தி என்டர் தட்டினால், சக்கரத்தைத் தொடாமலே சரியான நிலைக்குப் போய்விடலாம்.

இங்கே குறை இடப்பக்கப் பட்டியலில் வருகிறது. ‘சவுத் இண்டியன் மெஸ்’ என்று தேடினால் இடப்பக்கம் கடைகளின் பட்டியல், வலப்பக்கம் மேப். பட்டியல் மேல் சக்கரம் உருட்டினால் பட்டியல் நகரும். அம்புக்குறி ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் நழுவினால் அதே உருட்டல் ஜூம் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுதான். அதைவிட மோசமானவை, மேப் நகர்ந்ததும் பட்டியலையும் மாற்றிவிடும் வீட்டு விளம்பரத் தளங்கள். ஒரு தவறான உருட்டலில் பார்த்துக்கொண்டிருந்த பத்து வீடுகளும் போய், வேறு பத்து வந்து நிற்கும். பேக் பொத்தான் பெரும்பாலும் பழைய காட்சிக்குத் திரும்பக் கொண்டுபோகாது. இந்தத் தளங்களில் ‘மேப்பை நகர்த்தும்போது தேடு’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருந்தால், முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.

பக்கத்துக்குள் பதிக்கும் கூகுள் மேப் வேறு மாதிரி. அதில் சக்கரத்தை மட்டும் உருட்டினால் மேப் அசையாது, பக்கம்தான் நகரும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு உருட்டுங்கள் என்ற அறிவிப்பு மேப்பின் மேல் சாம்பல் நிறத்தில் வந்து மறையும். மேக் கணினியில் கமாண்ட் விசை. போனில் ஒரு விரல் பக்கத்தை நகர்த்தும், இரண்டு விரல் மேப்பை நகர்த்தும். தளம் கட்டுபவர்களுக்கு இதன் பெயர் ‘ஜெஸ்சர் ஹேண்ட்லிங்’. அதில் ‘கோஆபரேட்டிவ்’, ‘கிரீடி’, ‘நன்’, ‘ஆட்டோ’ என்று நான்கு தேர்வுகள். இயல்பாக இருப்பது ஆட்டோ. பக்கம் உருளக்கூடியதா, மேப் ஐஃப்ரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பதிக்கும் சட்டம்) இருக்கிறதா என்று பார்த்து அதுவே முடிவெடுக்கும். அதை நம்பி விடாமல், உருளும் பக்கம் என்றால் ‘கோஆபரேட்டிவ்’ என்று நேரடியாக எழுதிவிடுவதே நல்லது. சக்கரத்தை எப்போதும் மேப்பே எடுத்துக்கொள்ளும் ‘கிரீடி’ முழுத் திரை மேப்புக்கு மட்டும்தான். வீட்டு விளம்பரப் பக்கத்தின் நடுவில் ‘கிரீடி’ போட்டு வைப்பது வாசகரைத் தடுத்து நிறுத்துவதற்குச் சமம்.

இதிலும் இரண்டு சங்கடங்கள். ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் அந்த அறிவிப்பு மேப்பை மூடுகிறது. அந்த நேரத்தில் தெருப்பெயர் படிக்க முடியாது. இன்னொன்று, கன்ட்ரோலோடு சக்கரம் என்பது பிரவுசரில் பக்கத்தையே பெரிதாக்கும் வழி. அம்புக்குறி மேப்பின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளியிருந்தால் மேப்புக்குப் பதில் எழுத்தெல்லாம் பெரிதாகும். அப்போது கன்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்து அழுத்தினால் பக்கம் பழைய அளவுக்கு வந்துவிடும். இந்த இரண்டையும் கணக்கில் கொண்டாலும், பதித்த மேப்புக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இப்போது இல்லை.

அதிகம் பேச வேண்டியது லீஃப்லெட் பற்றி. உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011-இல் வெளியிட்ட, தளங்களில் மேப் போட உதவும் இலவச நிரல் நூலகம் இது. எடை குறைவு, கற்றுக்கொள்ள எளிது, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல்களோடு நன்றாகப் பொருந்தும். பெங்களூருவில் சிறு நிறுவனங்கள், கல்லூரி மாணவர்கள், ஏரி, வார்டு, பேருந்து தொடர்பாக மேப் போடும் தன்னார்வலர்கள் என்று பலரும் எடுப்பது இதைத்தான். அவர்கள் எடுத்தது சரி. ஆனால் லீஃப்லெட்டில் ‘ஸ்க்ரோல் வீல் ஜூம்’ என்ற அமைப்பு இயல்பாகவே திறந்திருக்கும். மாதிரி நிரலை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினால், முதல் பத்தியில் சொன்ன சிக்கல் அப்படியே வந்து உட்காரும்.

அது மட்டுமில்லை. சக்கரத்தின் அசைவை லீஃப்லெட் எப்படிக் கணக்கிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 40 மில்லிவிநாடிக்குள் வரும் அசைவுகளையெல்லாம் அது கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுத்தொகையை, ஒரு ஜூம் நிலைக்கு 60 பிக்சல் என்ற அடிப்படையில் நிலையாக மாற்றுகிறது. பிறகு ‘ஜூம் ஸ்னாப்’ என்ற மதிப்பின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்குகிறது. இயல்பில் ஜூம் ஸ்னாப் 1. ‘மேல்நோக்கி’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வரும் அசைவு 0.1 நிலைக்குச் சமமானாலும் 1 ஆகிவிடும். மவுஸ் சக்கரத்துக்கு இது பெரிதாகத் தெரியாது; ஒரு படிக்கு ஒரு நிலை என்று கை பழகிவிடும். லேப்டாப் டச்பேடில் இரு விரல் தேய்த்தால், நின்ற பிறகும் சிறு சிறு அசைவுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் முழு நிலையாக உயர்த்தப்பட, மெல்லத் தேய்த்தது மூன்று நான்கு நிலைத் தாவலாக முடியும். டச்பேடில் லீஃப்லெட் மேப் தறிகெட்டு ஓடுவதற்குக் காரணம் இதுதான். விரலை மெதுவாக நகர்த்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தால் ஆகாது, ஏனென்றால் எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் கிடைப்பது முழு நிலைதான்.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. மேப்பை உருவாக்கும் வரியில் ஜூம் ஸ்னாப்பை 0.5 என்றும், ‘வீல் பிக்சல் பெர் ஜூம் லெவல்’ என்பதை 60-இலிருந்து 120 என்றும் மாற்றினால், சாதாரண மவுஸில் ஒரு படிக்கு அரை நிலை அளவில் வந்து நிற்கும். டச்பேடும் ஓரளவு அடங்கும். இடைநிலை ஜூம் 2016-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து உண்டு. மிகப் பழைய பதிப்பில் ஓடும் தளங்களில் இது பலிக்காது. இடைநிலையில் படமாக வரும் டைல்களை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால் எழுத்து சற்று மங்கும். கிராஸ் எண் படிக்க வேண்டிய மேப்பில் இந்த மங்கலையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 0.25-க்குக் கீழே போக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்கத்துக்குள் பதித்த மேப் என்றால் ஸ்க்ரோல் வீல் ஜூமை முதலில் மூடிவிட வேண்டும். மேப்பை ஒருமுறை கிளிக் செய்தால் திறக்கவும், அம்புக்குறி மேப்பை விட்டு வெளியேறினால் மீண்டும் மூடவும் இரண்டே வரி போதும். கிளிக் வழி வேண்டாம், கூகுள்போல கன்ட்ரோல் விசையே வேண்டும் என்றால் ‘லீஃப்லெட் ஜெஸ்சர் ஹேண்ட்லிங்’ என்ற பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) இருக்கிறது. கூட்டல், கழித்தல் பொத்தான்களை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். அழகுக்காக அவற்றை மறைத்த மேப்பில், சக்கரத்தையும் மூடிவிட்டால் ஜூம் செய்ய எளிதில் கண்ணில் படும் வழியே இருக்காது.

ஒரு சிறு அமைப்பு அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்க்ரோல் வீல் ஜூமுக்கு ‘சென்டர்’ என்ற மதிப்பும் கொடுக்கலாம். அப்போது அம்புக்குறி எங்கிருந்தாலும் மேப்பின் நடுவை வைத்தே ஜூம் ஆகும். ஒரே ஒரு கடையையோ மண்டபத்தையோ காட்டும் மேப்புக்கு இது மிகப் பொருத்தம். ஏன் என்று கணக்கில் பார்க்கலாம். ஜூம் 17-இல் இருந்து 14-க்கு வெளியே வருகிறோம். அங்கே ஒரு பிக்சல் 9.3 மீட்டர். கை தன்னையறியாமல் 100 பிக்சல் நகர்கிறது. மீண்டும் 17-க்கு உள்ளே போனால், கிளம்பிய இடத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் தள்ளி இறங்கியிருப்போம். ஜெயநகரில் அது அடுத்த பிளாக்காக இருக்கலாம், அங்கேயும் ஒரு 5வது கிராஸ் இருக்கும். முகவரி தப்பிப்போவது இப்படித்தான்.

மேப்லிப்ரே, மேப்பாக்ஸ் என்ற மேப் நூலகங்கள் இரண்டும் ஒரே வேரில் வந்தவை. மேப்பாக்ஸ் தன் உரிமத்தை மாற்றியபோது 2020 டிசம்பரில் மேப்லிப்ரே கிளைத்தது. சக்கரத்தைப் பொறுத்தவரை இவை லீஃப்லெட்டைவிட ஒரு படி மேல். டைல் படமாக வராமல் வெக்டராக (திரையில் புதிதாக வரையப்படும் வடிவத் தரவாக) வருவதால் எந்த இடைநிலையிலும் எழுத்து கூர்மையாக இருக்கும். வரும் அசைவு மவுஸ் சக்கரத்திலிருந்தா, டச்பேடிலிருந்தா என்று எண்ணின் அளவை வைத்து ஊகித்து, இரண்டுக்கும் தனித்தனி வேகம் வைத்திருக்கிறார்கள்: சக்கரத்துக்கு 450-இல் 1, டச்பேடுக்கு 100-இல் 1. வேகமாக ஓடுகிறது என்றால் ‘செட் வீல் ஜூம் ரேட்’ மூலம் 450-ஐ 900 ஆக்கினால் பாதி வேகம். ‘கோஆபரேட்டிவ் ஜெஸ்சர்ஸ்’ என்ற அமைப்பைத் திறந்துவிட்டால் கன்ட்ரோல் இல்லாத சக்கரம் பக்கத்துக்கே போகும். அதுவும் இயல்பில் மூடியே இருக்கிறது என்பதுதான் என் ஒரே மனக்குறை. இவை 512 பிக்சல் டைல் கணக்கில் ஓடுவதால், இங்கே 14 என்பது லீஃப்லெட்டின் 15-க்குச் சமம். லீஃப்லெட்டிலிருந்து இவற்றுக்குத் தளத்தை மாற்றுபவர்கள் இதை மறந்தால் எல்லா மேப்பும் ஒரு நிலை கூடுதலாகப் பெருத்துத் திறக்கும்.

ஓப்பன்லேயர்ஸ் என்ற இன்னொரு மேப் நூலகத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் நாமே கோத்துக்கொள்ள வேண்டும். சக்கர ஜூமுக்கு ‘பிளாட்ஃபார்ம் மாடிஃபையர் கீ ஒன்லி’ என்ற நிபந்தனை வைத்தால் விண்டோஸில் கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட் என்று தானே பிரித்துக்கொள்ளும். ‘ஆன் ஃபோகஸ் ஒன்லி’ வைத்தால் மேப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே சக்கரம் வேலை செய்யும்; மேப்பின் உறுப்பைத் தேர்ந்தெடுக்கக்கூடியதாக ஆக்கும் ‘டேப் இண்டெக்ஸ்’ பண்பைக் கொடுக்காவிட்டால் இது பலிக்காது.

சில தளங்களில் மேப் ஜூம் ஆகும்போதே பக்கமும் சேர்ந்து நகரும். சக்கரத்தைக் கையாளத் தளம் கட்டுபவர்கள் தாங்களே எழுதிய நிரல்களில்தான் இது அதிகம். குரோம் 73-ஆம் பதிப்பிலிருந்து, மேப்பின் உறுப்பில் இல்லாமல் முழுப் பக்கத்தின் அளவில் சக்கர அசைவைக் கவனிக்கும் நிரல்களைப் பிரவுசர் ‘பேசிவ்’ என்று எடுத்துக்கொள்கிறது. அவற்றால் பக்கம் நகர்வதைத் தடுக்க முடியாது. கவனிக்கும் நிரலை மேப்பின் உறுப்பிலேயே வைத்து, பேசிவ் என்பதை ‘ஃபால்ஸ்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தில் கட்டுபவர்கள் ‘ஆன்வீல்’ பண்பை நம்பினாலும் இதே கதிதான். அங்கேயும் உறுப்பை நேரடியாகப் பிடித்து எழுதுவதே வழி.

டச்பேடைப் பற்றி இன்னொன்று. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸில் இரு விரலை விரித்துக் குவிக்கும் அசைவு, கன்ட்ரோல் அழுத்திய சக்கர அசைவாகவே தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் கன்ட்ரோல் கேட்கும் மேப்களில் லேப்டாப்காரர்கள் எந்த விசையையும் தொட வேண்டாம். விரலை விரித்தாலே போதும். சஃபாரி இதற்குத் தனி நிகழ்வுகளை வைத்திருக்கிறது, ஆகவே மேக்கில் தளத்தைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். மேக்கின் ஆப்பிள் மேப்ஸ் செயலியில் இரு விரல் இழுத்தால் மேப் நகரும், விரித்தால் ஜூம் ஆகும். டச்பேடுக்கு இதுதான் சரியான முறை என்பது என் திடமான கருத்து. வெப் மேப்களில் பெரும்பாலானவை இன்னும் இரு விரல் இழுப்பை ஜூமாகவே எடுத்துக்கொள்கின்றன.

சில நேரம் பழி மேப்பின் மேல் இல்லை. சக்கரத்தை ஒரே திசையில் உருட்டும்போதே மேப் உள்ளேயும் வெளியேயும் துள்ளினால், மவுஸுக்குள் சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் என்கோடர் தேய்ந்திருக்கலாம், அல்லது தூசி புகுந்திருக்கலாம். நாலு படி முன்னே போகும்போது ஒரு படி பின்னே போவதாகத் தவறான சமிக்ஞை வரும். சாதாரணப் பக்கத்தில் அது சில வரிகள் மேலேறி இறங்குவதோடு போய்விடும். மேப்பில் ஒரு முழு நிலை. சக்கர இடுக்கில் காற்றடித்துப் பாருங்கள். அடங்காவிட்டால் பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் என்கோடரை மட்டும் மாற்றித் தரக்கூடிய ரிப்பேர்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். என்கோடர் 9, 11 மி.மீ. என்று பல உயரங்களில் வரும். பழைய பாகத்தைக் கழற்றி அளந்து அதே உயரம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் சரியாக உட்காராது. விலை குறைந்த மவுஸ் என்றால் புதிதே வாங்கிவிடலாம்.

விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் ஒரு முறைக்கு எத்தனை வரி உருள வேண்டும் என்ற அளவு இருக்கும், இயல்பில் 3. அதை 1 ஆக்கினால், அசைவின் அளவுக்கேற்ப ஜூம் ஆகும் மேப்கள் மெதுவாகும். ஆனால் எல்லாப் பக்கங்களும் மெதுவாக உருளும், லீஃப்லெட்டின் இயல்பு அமைப்பிலோ எந்த மாற்றமும் இருக்காது. அதனால் இதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

சக்கரத்தைப் பறிக்கும் பக்கத்தில் மாட்டிக்கொண்டால், அம்புக்குறியைப் பக்கத்தின் ஓரத்து வெற்றிடத்துக்குக் கொண்டுபோய் உருட்டுங்கள். அல்லது ஸ்பேஸ் பாரையோ பேஜ் டவுனையோ தட்டிக் கடந்துவிடுங்கள். அம்பு விசைகளைத் தட்டி மேப் நகர்ந்தால், மேப்புக்கு வெளியே ஒரு கிளிக் செய்த பிறகு மறுபடி தட்டுங்கள். லீஃப்லெட், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேப்களில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஒரு பெட்டி வரைந்தால், வேண்டிய லேஅவுட் மட்டும் திரை நிறைய வந்து நிற்கும்; சக்கரத்தைவிட இது எத்தனையோ துல்லியம். பதித்த கூகுள் மேப்பில் பெரிய மேப்பைத் திறக்கும் இணைப்பு ஒன்று இருக்கும். வீட்டைத் தீவிரமாகப் பார்ப்பதென்றால் அதை அழுத்தித் தனித் தாவலில் திறந்துகொள்வது மேல்.

அடிக்கடி போகும் தளம் என்றால், அவர்களுடைய கருத்துப் பெட்டியில் ‘மேப் சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் யாருக்கும் எதைத் திருத்துவது என்று தெரியாது. எந்தப் பக்கம், எந்தப் பிரவுசர், மவுஸா டச்பேடா என்பதோடு, கூகுள் மேப் என்றால் ‘ஜெஸ்சர் ஹேண்ட்லிங்கை கோஆபரேட்டிவ் ஆக்குங்கள்’ என்றும், மூலையில் லீஃப்லெட் பெயர் தெரிந்தால் ‘ஸ்க்ரோல் வீல் ஜூமை மூடி, கிளிக் செய்தால் திறக்கும்படி வையுங்கள்’ என்றும் எழுதுங்கள். ஒரு டெவலப்பருக்கு அது சில நிமிட வேலை.